நாற்காலிக்கும் அளவு உண்டு

ஈகையைப் போற்றாத தமிழ்ப் புலவர் இலர். ஆயினும், கொடுப்பதை மட்டுமே போற்றி அவர்கள் அமைந்துவிடவில்லை. பெறுவோன் யார், அவன் தகுதி யாது, அவனுக்கு எது பொருந்தும் என்று ஆராய்ந்து கொடுத்தலை அவர்கள் தனியே வைத்துப் பாராட்டினர். அதற்கு 'வரிசையறிதல்' என்று பெயருமிட்டனர். எல்லாரையும் ஒருதன்மையராகக் கருதி அள்ளி வழங்கிய வள்ளலிடத்தும் மனம் வருந்திய புலவர் உண்டு. இச்சொல்லை வகுப்பறையில் விளக்கும்போது யானையையும் தேரையும் பொற்றாமரைப் பூவையும் எடுத்துக்காட்டாகக் கூறுவதே என் வழக்கமாக இருந்தது. சில ஆண்டுகளாக ஒரு சக்கர நாற்காலியை எடுத்துக்காட்டி வருகிறேன். அந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அதனால் நான் வந்தடைந்த கருத்தையும் இம்மலர் வழியாக நம் கல்லூரிச் சமுதாயத்தின் முன் வைக்க விழைகிறேன்.

எங்கள் துறையில் இளங்கலை பயில மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தார். பதினேழாம் அகவையில் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர். இடுப்பிற்குக் கீழே உணர்வில்லை. இடுப்பிற்கு மேலேயோ, கல்லூரியில் அவரை விஞ்சிய தோள் வலிமை உடையவர் எவருமிலர். ஞாயிறுதோறும் பக்கத்து நகரத்திற்குச் சென்று சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடுவார். அந்த ஆட்டத்திற்குரிய நாற்காலி குழுவினுடையது. ஆட்டம் முடிந்ததும் அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டும். விடுதியிலிருந்து வகுப்பிற்கும், வகுப்பிலிருந்து நூலகத்திற்கும் அவர் வந்து செல்வது முகாமொன்றில் வழங்கப்பட்ட நாற்காலியில். இரும்புக் குழாயாலானது; மடக்கக்கூடியது; மருத்துவமனை வாயில்களில் நாம் காண்பது போன்றது. ஏறத்தாழ இருபது கிலோ எடை. அவருடைய இடுப்பின் அகலத்தைக் காட்டிலும் இருக்கையின் அகலம் ஒரு சாணளவு மிகுதி. ஆதலால் சக்கரத்தைப் பற்றுவதற்குக் கைகளை இருபுறமும் அகல விரித்துத் தள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் பருவத்திற்குள் வலத்தோள் வீங்கிவிட்டது. கூடைப்பந்து ஆடியதால் வந்த வலி என்றே நாங்கள் அனைவரும் எண்ணினோம். அவரை அழைத்துச் சென்று காட்டியபோது மருத்துவர் கூறியது வேறு: ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தினால் வந்ததன்று, வாரத்தின் ஏனைய ஆறு நாட்களினால் வந்தது என்றார்.

உடலுக்கு அளவெடுத்துச் செய்யப்படும் எடை குறைந்த நாற்காலி ஒன்று வேண்டும். விலை நாற்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. பழைய மாணவர் சங்கத்தின் உதவியை நாடலாம் என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. அப்போது மூத்த பேராசிரியர் ஒருவர், "ஒருவருக்கே நாற்பதாயிரமா? அத்தொகைக்கு எட்டாயிரம் வீதம் ஐந்து நாற்காலிகள் வாங்கலாம். ஐந்து குடும்பங்கள் வாழ்த்துமே!" என்றார். அவர் கஞ்சர் அல்லர். தம் ஊதியத்தில் இரண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துபவர். அவர் கூறியது எனக்கும் நியாயமாகவே பட்டது. ஆம் என்று நானும் தலையசைத்தேன் என்பதை ஈண்டு மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் அம்மாணவரிடம் இதனைத் தயங்கித் தயங்கிக் கூறினேன். அவர் சினம் கொள்ளவில்லை. "ஐயா, இது எனக்கு மூன்றாவது நாற்காலி. முதலாவது அரசு முகாமில் தந்தது. இரண்டாவது ஒரு சங்கத்தார் தந்தது. இது தேர்தல் சமயத்தில் வந்தது. முதல் இரண்டும் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கிடக்கின்றன. ஒன்றின் மேல் அம்மா விறகு அடுக்கியிருக்கிறார்கள்" என்றார். எட்டாயிரம் வீதம் மூன்று நாற்காலிகள், இருபத்து நாலாயிரம் ரூபாய். ஐவருக்கு வழங்கலாம் என்று நாங்கள் கணக்கிட்டுக் கொண்டிருந்த அறத்தில் பாதிக்கு மேல் அவர் ஒருவருக்கே ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் கேட்டு வாங்கியது அவற்றுள் ஒன்றேனும் இல்லை.

அன்றுமுதல் இப்பொருள் குறித்து நூல்களையும் அரசாணைகளையும் தேடிப் படிக்கலானேன். தமிழாசிரியனுக்கு இது புறம்பான வேலை என்று நண்பர் சிலர் நகைத்ததுண்டு.

முதலில் நாற்காலியின் வரலாறு. இன்று முகாம்களில் அடுக்கி வைக்கப்படும் மடக்கு நாற்காலிக்கு மூதாதை, 1933இல் அமெரிக்காவில் எவரஸ்ட், ஜென்னிங்ஸ் என்னும் இருவர் அமைத்த எஃகுக் குழாய் நாற்காலியாகும். சுரங்க விபத்தில் முதுகு ஒடிந்த எவரஸ்ட், காரில் மடித்து வைத்துக்கொள்ளத்தக்க ஒன்று வேண்டுமென்று தம் நண்பராகிய பொறியாளருடன் கூடிச் செய்தது அது. தமக்கு வேண்டியதைத் தாமே அமைத்துக்கொண்ட ஒருவரின் படைப்பு நாளடைவில் மருத்துவமனைப் பொருளாயிற்று; நோயாளியைப் பிறர் தள்ளிச் செல்வதற்குரிய வண்டியாக உலகெங்கும் நிலைபெற்றது. அந்த நிலையை மாற்றியவர்கள் விளையாட்டு வீரர்களே என்பது பலர் அறியாத செய்தி.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர், போரில் தண்டுவடம் சிதைந்த வீரர்களுக்கு விளையாட்டையே மருத்துவமாகக் கையாண்டார். 1948ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், பதினாறு பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக் விளையாட்டுகள் அந்த வித்திலிருந்து முளைத்தவை. பின்னர் 1975இல் பாப் ஹால் என்னும் இளைஞர் பாஸ்டன் மாரத்தானில் சக்கர நாற்காலியுடன் கலந்துகொள்ள இசைவு கேட்டார். மூன்று மணி நேரத்திற்குள் முடித்தால் ஏனைய ஓட்டக்காரர்களைப் போலவே சான்றிதழ் தருவோம் என்றனர் அமைப்பாளர்கள். அவர் 2 மணி 58 நிமிடத்தில் முடித்தார். பின்னாளில் பந்தய நாற்காலிகளைத் தாமே வடிவமைத்து வழங்கவும் செய்தார்.

இவர்களினும் என் மனத்தைக் கவர்ந்தவர் மேரிலின் ஹாமில்டன் என்னும் பெண்மணி. கலிபோர்னியாவைச் சேர்ந்த அவர் 1978இல் கிளைடர் கொண்டு பறக்கும் விளையாட்டில் விழுந்து கால்களின் இயக்கத்தை இழந்தார். மருத்துவமனை தந்த கனமான நாற்காலியில் அமர்ந்ததும், அவர் கேட்டது தமக்கு நேர்ந்த இழப்பைப் பற்றிய கேள்வியன்று; இந்த நாற்காலி ஏன் இத்தனை கனமாக இருக்கிறது என்பதே. கிளைடர் செய்யும் நண்பர் இருவரை அழைத்து, வானில் பறக்கும் அலுமினியக் குழாய்களைக் கொண்டே தமக்கொரு நாற்காலி செய்து தருமாறு வேண்டினார். வழக்கமான நாற்காலியின் எடையில் பாதியளவே உடைய ஒன்று உருவாயிற்று. அதில் அமர்ந்து டென்னிஸ் ஆடி வாகையும் சூடினார். அவர்கள் மூவரும் தொடங்கிய தொழிற்கூடத்திலிருந்து வெளிவந்த 'குவிக்கி' நாற்காலி ஆடுவோருக்காக மட்டும் நின்றுவிடவில்லை. அலுவலகம் செல்வோரும், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாயரும் அதனை வாங்கினர். "விளையாட்டுக்கென்று விலையுயர்ந்த நாற்காலி கேட்பது ஆடம்பரம் அன்றோ?" என வினவுவார்க்கு இவ்வரலாற்றையே விடையாகக் கூறுவேன். ஆட வேண்டும் என்று அவாவியவர்கள் இல்லையேல், ஆடாதவர்களும் இன்று இருபது கிலோ இரும்பையே உருட்டிக்கொண்டிருப்பர்.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். விளையாட்டு நாற்காலி வேறு, இயங்குவோர் நாற்காலி வேறு. கூடைப்பந்து நாற்காலியின் சக்கரங்கள் கீழ்ப்புறம் விரிந்து சாய்ந்திருக்கும். விரைந்து திரும்புவதற்கும் கவிழாமைக்கும் அந்தச் சாய்வு வேண்டும். ஓட்டப் பந்தய நாற்காலிக்கு மூன்றே சக்கரம், நீண்டு கிடக்கும். இவை ஆடுகளத்திற்கு உரியவை. குழுவோ சங்கமோ வைத்துக்கொண்டு பலர் பயன்படுத்தலாம். இயங்குவோர் நாற்காலி என்பது நாள்முழுதும் ஒருவர் தம் கைகளாலேயே இயக்கி வாழ்வதற்குரியது. அதன் சட்டம் பெரும்பாலும் மடங்காதது. பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டால் ஆட்டோவில் மடியருகே வைத்துக்கொள்ளலாம். இடுப்பின் அகலம், தொடையின் நீளம், முழங்காலின் கீழுள்ள உயரம், முதுகில் உணர்வு எதுவரை உள்ளது என்பன எல்லாம் அளந்து செய்யப்படுவது. அச்சாணி சற்று முன்னே தள்ளி அமைந்திருப்பதால், முன்புறச் சிறு சக்கரங்களைத் தூக்கி, பின் சக்கரங்களின் மீதே நின்று படியோ பள்ளமோ கடக்கப் பயிற்சி பெற்றவரால் இயலும். நம் சாலைகள் செப்பமற்றவை, இங்கே இத்தகைய நாற்காலி எதற்கு என்பாருக்கு, செப்பமற்ற சாலைக்கே அது மிகவும் வேண்டும் என்று கூறி அமைகிறேன்.

அளவு பொருந்தாமையால் வரும் கேடு தோள்வலியோடு நிற்பதில்லை. உணர்வற்ற உடலில் பொருந்தாத இருக்கை படுக்கைப் புண்ணை உண்டாக்கும். அப்புண் உயிருக்கே இடையூறு செய்வதுண்டு. உலக நல நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியில் நாற்காலி வழங்குதலை எட்டுப் படிகளாக வகுத்துள்ளது. பரிந்துரை, மதிப்பீடு, எத்தகையது என்று தீர்மானித்தல் ஆகிய மூன்றும் முடிந்த பின்னரே நான்காம் படியாகப் பணமும் கொள்முதலும் வருகின்றன. அதன் பின் ஆயத்தம் செய்தல், பொருத்துதல், பயிற்றுவித்தல், பழுதுபார்த்தல் எனத் தொடர்கின்றன. செல்வம் குறைந்த நாடுகளுக்கென்றே எழுதப்பட்ட வழிகாட்டி இது. நம் முகாம்களிலோ பணமே முதற்படி. பெரும்பாலும் இறுதிப்படியும் அதுவே. பந்தலில் வரிசையாக நிறுத்தி, பயனாளியை அமர்த்தி, ஒளிப்படம் எடுத்தவுடன் பணி முடிந்துவிடுகிறது. 'ஊனமுற்றோர்' என்னும் சொல் போய் 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் வந்ததைத் தமிழாசிரியன் என்ற முறையில் நான் வரவேற்றவன். சொல் மாறிய அளவுக்குப் பந்தலில் நிற்கும் நாற்காலி மாறவில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது பொய்யாகும். நடுவண் அரசின் உதவிக் கருவிகள் வழங்கும் திட்டம் 1981 முதல் நடைபெற்று வருகிறது. கான்பூரில் 1972இல் இதற்கென்றே நிறுவப்பட்ட அரசு நிறுவனம் கருவிகளைச் செய்து தருகிறது. நம் மாநிலம் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை வழங்கியதால் கடைக்கும் அலுவலகத்திற்கும் தாமே சென்று வருவோரை இன்று ஊர்தோறும் காண்கிறோம். என் குறை திட்டத்தின் வடிவைப் பற்றியது. அத்திட்டத்தில் கருவியின் விலைக்கு உச்சவரம்பு உண்டு. நெடுங்காலம் பொதுவாகப் பத்தாயிரம் ரூபாயாக இருந்து, பின்னர்ப் பதினைந்தாயிரமாக உயர்ந்தது. வருமானத்திற்கும் வரம்புண்டு, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி திங்கள் வருமானம் 22,500 ரூபாய் வரை உள்ளவர்க்கு முழு உதவியும், 30,000 ரூபாய் வரை உள்ளவர்க்குப் பாதி உதவியும் எனக் கொண்டனர். பிறரைச் சார்ந்து வாழ்பவராயின் பெற்றோரின் வருமானம் கணக்கிடப்படும். இவ்விரண்டு வரம்பும் சேர்ந்து விளைவிப்பது யாது? வீட்டில் முடங்கியிருப்பவருக்கு முடங்கியிருப்பதற்கு ஏற்ற நாற்காலி கிடைக்கிறது. அவர் முயன்று வெளியே வந்து வேலை ஒன்றில் அமர்ந்து, நாள்தோறும் பல கிலோமீட்டர் உருட்டிச் செல்ல வேண்டிய நிலை வரும்போது, நல்ல நாற்காலிக்குரிய தொகை வரம்பைத் தாண்டிவிடுகிறது. அவர் ஊதியமும் வரம்பைத் தாண்டிவிடலாம். மேலும், 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது சக்கர நாற்காலிக்கும் 5 விழுக்காடு வரி விதித்தனர். காலால் நடப்பவர் தம் நடைக்கு வரி செலுத்துவதில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பயிலும்போதும் இப்பிளவே கண்ணிற்படுகிறது. அதன் 24ஆம் பிரிவு உதவிக் கருவிகளை வருமான வரம்புக்கு உட்பட்டு இலவயமாக வழங்குதல் பற்றிப் பேசுகிறது. 30ஆம் பிரிவு விளையாட்டைப் பற்றிப் பேசுகிறது. ஆற்றலை வளர்க்கும் தொழில்நுட்பத்தை உருவாக்குதல், பயிற்சி வசதிகளுக்கு நிதி ஒதுக்குதல் என்பனவெல்லாம் அங்கே உண்டு. ஆடுகளத்தை அடைவதற்குரிய நாற்காலி எந்தப் பிரிவைச் சேர்ந்தது? அலுவலகத்தில் கேட்டால் அது விளையாட்டுத் துறையின் பொறுப்பு என்பர். விளையாட்டுத் துறையில் கேட்டால் அது நலத் துறையின் பொறுப்பு என்பர். எங்கள் மாணவர் இவ்விரு வாயில்களுக்கும் சென்று திரும்பியவர். அவற்றுள் ஒன்றில் சாய்தளமும் இல்லை.

வென்றவரை நாம் மறப்பதில்லை என்பது உண்மையே. 2016இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற நம் சேலம் மாவட்டத்து மாரியப்பனுக்கு மாநில அரசு இரண்டு கோடி ரூபாய் அறிவித்தது, தகும். சக்கர நாற்காலியில் அமர்ந்தே துப்பாக்கி சுடும் அவனி லேகரா டோக்கியோவிலும் 2024இல் பாரிசிலும் தங்கம் வென்றபோது நாடே கொண்டாடியது, அதுவும் தகும். ஆனால் தங்கம் வெல்லாதவர்க்கும் தோள் இரண்டே. வாரந்தோறும் ஆடி மகிழ்ந்து, உடல் நலம் பேணி, திங்கட்கிழமை வகுப்பிற்கு வரும் ஓர் இளைஞர், பதக்கம் பெற்றால்தான் நாற்காலிக்குத் தகுதியுடையவர் ஆவார் என்பது முறையன்று. காலுள்ள மாணவர் மட்டைப்பந்து ஆடும்போது மாநில அணிக்குத் தேர்வானாயா என்று கேட்டுவிட்டா மட்டை வாங்கிக் கொடுக்கிறோம்?

வேலூரை எண்ணிப் பார்க்கிறேன். 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் முறிந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் அங்கே 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்தையும் தலைமை தாங்கி நடத்தினார். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் பிறரால் தள்ளப்பட வேண்டியவர் என்னும் எண்ணத்தைத் தமிழ்நாடு அப்போதே கைவிட்டிருக்க வேண்டும்.

பொருள் இல்லாமை இனியும் காரணமாகாது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இதற்கென்று இயங்கும் ஆய்வு மையத்தின் துணையோடு அளவுக்கேற்ற 'நியோஃப்ளை' நாற்காலி வந்தது. அறிமுகமான காலத்தில் அதன் விலை ஏறத்தாழ நாற்பதாயிரம் ரூபாய். அதன் முன்னே மாட்டிக்கொள்ளும் மின்கல இணைப்பு ஒன்றும் உண்டு. மாட்டினால் நாற்காலியே சாலை வண்டியாகும். 2025இல் அதே வளாகத்திலிருந்து ஒன்பது கிலோ எடையளவே உள்ள நாற்காலி ஒன்றும் வெளிவந்துள்ளது. இறக்குமதி செய்தால் இலக்கத்தை எட்டும் பொருளைக் கிண்டியிலேயே செய்துவிட்டனர். வாங்குவதற்குரிய வழியைத்தான் நாம் இன்னும் செய்யவில்லை.

என் கருத்து இது. உச்சவரம்புத் தொகையை அரசு பெருக்குவது நன்று. அது நடைபெறும் வரை, அத்தொகைக்குரிய நாற்காலியைப் பெற்றே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், அத்தொகையையே பயனாளி தம் மருத்துவர் பரிந்துரைத்த நாற்காலியின் விலையில் ஒரு பகுதியாகச் செலுத்திக்கொள்ள இடந்தர வேண்டும். இது புதுமையன்று. இங்கிலாந்தில் 1996இல் இத்தகைய சீட்டு முறை வந்தது. 2019 திசம்பர் முதல் நாற்காலிக்கெனத் தனிநபர் நிதி பெறுவது அங்கே சட்ட உரிமையும் ஆயிற்று. எஞ்சிய தொகையைப் பழைய மாணவர் சங்கங்களும், ஊர்க் கொடையாளரும், நிறுவனங்களும் நிரப்பலாம். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி செலவிட வேண்டிய சமூகப் பொறுப்பு நிதியைப் பாராலிம்பிக் விளையாட்டுப் பயிற்சிக்குச் செலவிட அச்சட்டத்தின் அட்டவணையே இடந்தருகிறது. நம் ஊர்த் தோல் ஆலை உரிமையாளர்கள் இதனைக் கவனிக்க வேண்டுகிறேன். கொடையாளர்க்கு மற்றொரு வேண்டுகோளும் உண்டு. நாற்காலி வாங்கும் தொகையோடு, டயர், டியூப், பேரிங் மாற்றுவதற்கென ஆண்டுக்குச் சிறு தொகை ஒன்றையும் ஒதுக்குங்கள். கொட்டகையில் கிடக்கும் நாற்காலிகளுள் பல, ஒரு டியூப் கிடைக்காமையால் அங்கே போனவை. இச்செலவைக் கல்வெட்டில் பொறிக்க இயலாது என்பதை அறிவேன்.

ஆசிரியர் அறையில் அப்பேச்சை மீண்டும் எடுத்தபோது, மாட்டுக் கொட்டகைச் செய்தியை மட்டுமே கூறினேன். மூத்த பேராசிரியர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியானால் நாம் ஐந்து நாற்காலி வாங்கியிருந்தால், ஐந்து கொட்டகை வேண்டியிருந்திருக்கும்" என்று கூறி, முதல் ஐயாயிரத்தை அவரே எழுதினார். மீதித் தொகை சேர நான்கு திங்கள் ஆயிற்று. அளவெடுப்பதற்கு மாணவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றவர் எங்கள் துறையின் இளம் விரிவுரையாளர். நாற்காலி வந்த நாளில் விழா எதுவும் வேண்டா என்று மாணவர் கேட்டுக்கொண்டார், நாங்களும் நடத்தவில்லை. முதல் வாரத்திலேயே நூலக வாயிலின் ஒற்றைப் படியை அவர் பின்சக்கரத்தில் எம்பிக் கடந்ததைக் கண்டு காவலர் பதறிப்போய் ஓடி வந்தார்.

பட்டம் பெற்றுச் சென்ற அவர் இப்போது ஒரு கூட்டுறவு நிறுவனத்தில் பணிபுரிகிறார். ஞாயிறு ஆட்டமும் தொடர்கிறது. முகாமில் பெற்ற அந்த மூன்றாம் நாற்காலியை அவர் கல்லூரிக்கே விட்டுச் சென்றார். அது தேர்வுக் கூடத்தின் தாழ்வாரத்தில் நிற்கிறது. கால் முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு தேர்வெழுத வருவோரை அதில் அமர்த்தித் தள்ளிச் செல்கிறோம். அப்பணிக்கு அது மிகவும் ஏற்றதாகவே உள்ளது.